கொடுக்கிணைப்புச் சிக்கற் சேர்வைகள்: தயாரிப்பதற்கும் இனங்காண்பதற்கும் வன்னி மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

முகவையின் அடியில் மரகதப் பச்சைப் பளிங்குகள் படிந்திருப்பதைக் கண்டதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிற மாணவரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். உண்மையில் அப்போதுதான் பாதி வேலை முடிந்திருக்கிறது. பளிங்கு கிடைத்தது என்பது ஒரு செய்தி; கிடைத்தது இன்ன சேர்வைதான் என்று நிறுவுவது வேறொரு செய்தி. இந்த வழிகாட்டி, இரும்பின் பச்சை நிற ஒட்சலேற்றுச் சிக்கல் ஒன்றை உதாரணமாகக் கொண்டு, முதலாவதை ஒழுங்காகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் நீண்ட நேரம் நிற்கும். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக முதலிரு ஆண்டுகளில் இருப்பவர்களும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களும் இதைக் கையில் வைத்துக்கொண்டே செய்துபார்க்கலாம். தராசு, அளவி, குழாயி, வெப்பமானி, கடத்துதிறன்மானி, இயன்றால் ஒரு நிறமானி ஆகியவை இருந்தால் போதும். பெரிய கருவிகள் சொல்லும் சாட்சியம் எது என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

கொடுக்கு என்ற சொல்

தாண்டல் உலோக அயன் ஒன்றைச் சூழ்ந்து, தம்மிடமுள்ள தனிச்சோடி இலத்திரன்களை அதற்கு ஈந்து பிணையும் மூலக்கூறுகளையும் அயன்களையும் இணையிகள் என்கிறோம். உலோகமும் அதைப் பற்றிய இணையிகளும் சேர்ந்ததே சிக்கல். அமோனியா ஓரிடத்தில் மட்டும் பற்றும். ஒட்சலேற்று அயனும் எதிலீன்டைஅமீனும் இரண்டு இடங்களில் பற்றும். 1920ஆம் ஆண்டில் மோர்கன், துரூ ஆகிய இரு இரசாயனவியலாளர்களும் இத்தகைய பற்றுதலுக்கு நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டனர். தமிழில் கொடுக்கிணைப்பு என்று வழங்குவது அதே உருவகந்தான். நந்திக்கடலில் நண்டு பிடித்துப் பழகியவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: ஒரு கொடுக்கைக் கழற்றும்போது மற்றது விடாமல் பிடித்திருக்கும், கழற்றியதும் சும்மா இராது, மறுபடி பற்றும்.

இந்தப் பிடியின் வலிமையை எண்களிலும் காணலாம். நிக்கல் அயனோடு ஆறு அமோனியா இணைந்த சிக்கலின் மொத்த உறுதி மாறிலியின் மடக்கை ஏறத்தாழ 8.6, மூன்று எதிலீன்டைஅமீன் இணைந்த சிக்கலுக்கு அது ஏறத்தாழ 18.3. இரண்டிலும் நிக்கலைச் சூழ்ந்திருப்பவை ஆறு நைதரசன் அணுக்களே. அப்படியிருந்தும் உறுதியில் பத்தின் பத்தாம் அடுக்குக்குக் கிட்டிய வேறுபாடு வருகிறது. காரணத்தின் பெரும்பகுதி எந்திரப்பியில், அதாவது ஒழுங்கின்மையின் அளவில், இருக்கிறது. அமோனியாச் சிக்கல் ஒன்றும் எதிலீன்டைஅமீன் மூன்றும் ஆக நான்கு துணிக்கைகள் சேர்ந்து, புதிய சிக்கல் ஒன்றும் விடுபட்ட அமோனியா ஆறும் ஆக ஏழு துணிக்கைகளைத் தருகின்றன. உலோகம், ஈயும் அணு இரண்டு, காபன் இரண்டு என ஐந்து உறுப்பு வளையம் அமைவதும் உறுதிக்குச் சாதகமானது. ஒட்சலேற்றிலும் எதிலீன்டைஅமீனிலும் அமைவது அந்த ஐந்து உறுப்பு வளையமே.

முதலில் தண்ணீர்

ஏனைய ஊர்களுக்கு எழுதப்பட்ட செய்முறைகளில் இந்தப் பகுதி இராது. வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர் என்பதை, கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணம் நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்சியம் ஒட்சலேற்றைச் சந்தித்தால் நீரில் கரையாத கல்சியம் ஒட்சலேற்று வெள்ளையாக வீழ்ந்துவிடும். ஆகவே கிணற்றுநீரில் ஒட்சலேற்றுச் சிக்கலைத் தயாரிக்க முயல்வது வீண்வேலை. காய்ச்சி வடித்த நீர் இல்லாதவிடத்து வாகனக் கடைகளில் விற்கும் பற்றறித் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஆனால் போத்தலில் எழுதியிருப்பதை நம்பாமல் கடத்துதிறன்மானியால் அளந்து பார்க்க வேண்டும். அளவீடு சென்ரிமீற்றருக்குச் சில மைக்கிரோசீமன்சுக்குள் இருந்தால் நல்லது. ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையத்துக் குடிநீர் கிணற்றுநீரைவிடத் திறமானதாயினும், அதிலும் உப்பு எஞ்சியிருக்கும். எந்த நீராயினும் 5 மில்லிலீற்றரில் பொற்றாசியம் ஒட்சலேற்றுக் கரைசல் சில துளிகள் விட்டுக் கால் மணிநேரம் பார்க்கவும். கலங்கினால் அந்த நீர் வேண்டாம்.

உங்கள் கிணற்றின் வன்மையை அளப்பதும் ஒரு கொடுக்கிணைப்புச் சோதனையே. சுவாட்சன்பாக் 1945ஆம் ஆண்டளவில் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்த ஈ.டீ.ரீ.ஏ. என்ற இணையி ஒரே மூலக்கூறில் ஆறு இடங்களால் பற்றக்கூடியது. கிணற்றுநீர் 50 மில்லிலீற்றரை பீ.எச். 10 இல் வைத்து, எரியோகுரோம் கறுப்பு காட்டியை இட்டு, 0.01 மூலர் ஈ.டீ.ரீ.ஏ. கரைசலால் நியமித்தால், அதாவது அளவியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து அளந்தால், செவ்வைன் நிறம் முடிவில் தெளிந்த நீலமாகும். செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும் கல்சியம் காபனேற்றாகக் கணிக்கும்போது 1 மில்லிகிராமுக்குச் சமன். 20 மில்லிலீற்றர் செலவானால் லீற்றருக்கு 400 மில்லிகிராம் வன்மை.

பச்சைப் பளிங்கைத் தயாரித்தல்

நாம் தயாரிக்கப்போவது பொற்றாசியம் மூவொட்சலேற்றோபெரேற்று மூவைதரேற்று. மூன்று ஒட்சலேற்றுகள் ஒரு பெரிக்கு அயனை (மூன்று நேரேற்றமுள்ள இரும்பை) ஆறு இடங்களில் பற்றியிருக்க, வெளியே மூன்று பொற்றாசியம் அயன்களும் மூன்று நீர் மூலக்கூறுகளும் இருக்கும். மூலர்த் திணிவு மூலுக்கு 491.25 கிராம். பெரிக்குக் குளோரைட்டிலிருந்து ஒரே படியில் இதைத் தயாரிக்கும் குறுக்குவழி உண்டு. ஆயினும் மோரின் உப்பிலிருந்து (பெரசு அமோனியம் சல்பேற்றிலிருந்து) தொடங்கும் நீண்ட வழியையே நான் விரும்புகிறேன். ஒவ்வொரு படியிலும் நிறம் மாறுவதால் எந்தப் படியில் பிழைத்தது என்பது கண்ணுக்கே தெரியும். மோரின் உப்பும் பெரிக்குக் குளோரைட்டைப் போல ஈரத்தை உறிஞ்சிக் கசியாது. மாரிகாலத்தில் பெரிக்குக் குளோரைட்டுப் போத்தலைத் திறந்து நிறுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மோரின் உப்பு 5.0 கிராமை ஐதான சல்பூரிக்கமிலம் சில துளிகள் சேர்த்த 15 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைக்கவும். அமிலம் இல்லாவிடின் பெரசு அயன் (இரண்டு நேரேற்றமுள்ள இரும்பு) வளியிலேயே ஒட்சியேறிக் கரைசல் கபில நிறமடையும். நூற்றுக்குப் பத்து வீதமான ஒட்சாலிக்கமிலக் கரைசல் 25 மில்லிலீற்றரைச் சேர்த்துக் கண்ணாடிக் கோலால் இடைவிடாது கலக்கியபடி மெல்லக் கொதிக்கவிடவும். மஞ்சள் நிறப் பெரசு ஒட்சலேற்று கனமாக அடியில் இறங்கும். கலக்குவதை நிறுத்தினால் வீழ்படிவுக்குக் கீழ் ஆவி தேங்கி முகவை துள்ளித் தெறிக்கும் என்பதால் இந்த இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. தெளிந்த திரவத்தை வடித்துவிட்டு, வீழ்படிவைச் சுடுநீரால் மும்முறை கழுவவும். இந்தக் கழுவுதலில் சோம்பல்பட்டால் அமோனியமும் சல்பேற்றும் இறுதிப் பளிங்கு வரைக்கும் கூடவே வரும்.

பொற்றாசியம் ஒட்சலேற்று ஓரைதரேற்று 3.5 கிராமை 10 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்து மஞ்சள் வீழ்படிவின் மேல் ஊற்றவும். கலவையை 40 பாகை செல்சியசில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு மூன்று வீதமான ஐதரசன் பேரொட்சைட்டு 15 மில்லிலீற்றரைத் துளித்துளியாக, கலக்கிக்கொண்டே சேர்க்கவும். குளிர்நாட்டு நூல்கள் இந்த இடத்தில் நீர்த்தொட்டியைச் சூடாக்கச் சொல்லும். சித்திரை மாதத்து வவுனியாவில் அறையின் வெப்பநிலையே 34, 35 பாகையைத் தொட்டுவிடுவதால், தாக்கம் தானாக வெளிவிடும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், நம் கவலை சூடாக்குவதன்று, 40ஐத் தாண்டவிடாமல் காப்பதே. தாண்டினால் பேரொட்சைட்டு வேலை செய்வதற்கு முன்பே ஒட்சிசனாகப் பிரிந்து போய்விடும். மஞ்சள் மறைந்து, பச்சைக் கரைசலில் செங்கபில நிறப் பெரிக்கு ஐதரொட்சைட்டு மிதப்பது ஒட்சியேற்றம் நடந்ததற்கு அறிகுறி. ஒரு துளியை எடுத்து அமிலப்படுத்திப் பொற்றாசியம் பெரிசயனைட்டுக் கரைசலோடு சேர்க்கவும். நீலம் தோன்றினால் பெரசு இரும்பு இன்னும் இருக்கிறது. மேலும் சில மில்லிலீற்றர் பேரொட்சைட்டு தேவை.

அடுத்து, மிகுந்த பேரொட்சைட்டை அகற்ற இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடவும். அதற்கு மேல் கொதித்தால் பெரிக்கு ஐதரொட்சைட்டு திரண்டு கரைய மறுக்கும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நூற்றுக்குப் பத்து வீத ஒட்சாலிக்கமிலத்தில் 5 மில்லிலீற்றரை ஒரேயடியாகவும், மேலும் 3 மில்லிலீற்றரைத் துளித்துளியாகவும் சேர்த்து, கபிலம் முழுதும் மறைந்து தெளிந்த பச்சையானதும் நிறுத்திவிட வேண்டும். கணக்கின்படி தேவைப்படுவது 0.80 கிராம் அமிலம், அதாவது அந்த 8 மில்லிலீற்றரே. கைதவறிக் கூடச் சேர்த்தால் பின்னர் பச்சைப் பளிங்குகளுக்கிடையில் ஒட்சாலிக்கமிலத்தின் வெள்ளைப் பளிங்குகள் தோன்றும்.

கரைசலைச் சூட்டோடு வடித்து, அடுப்பை அணைத்துத் தள்ளி வைத்த பின்பே எதனோல் சேர்க்கவும். இலேசான கலங்கல் தோன்றும் வரைக்கும், ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் போதும். கலங்கல் மறையும்படி வெந்நீரில் சற்று வைத்தெடுத்து, முகவையைக் கறுத்தக் கடதாசியால் சுற்றி ஓரிரவு ஓய்வாக விடவும். எதனோலை அளவின்றி ஊற்றினால் பளிங்குக்குப் பதில் தூள் வரும். தூளோடு மிகுதிப் பொற்றாசியம் ஒட்சலேற்றும் வரும். நமது பச்சைச் சேர்வை 0 பாகையில் 100 மில்லிலீற்றர் நீரில் 4.7 கிராம் அளவே கரையும். கொதிநீரிலோ 118 கிராம் கரையும். ஆகவே மறுநாள் ஐஸ்கட்டியில் வைத்துக் குளிர்விப்பது விளைவைக் கூட்டும். ஆய்வுகூடக் குளிரூட்டி மின்வெட்டில் நின்றுபோனால், மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸ் ஒரு வாளி போதும். அது முகவைக்கு வெளியே நிற்கிறவரை அதன் தூய்மை பற்றிக் கவலையில்லை. பளிங்குகளை வடித்து, குளிர்ந்த நீரும் எதனோலும் சம அளவில் கலந்த திரவத்தாலும், பின் அசற்றோனாலும் கழுவி, வடிதாளுக்கிடையில் இருட்டில் உலர்த்தவும்.

எதிர்பார்க்கக்கூடிய உச்ச விளைவு 6.26 கிராம். 4 கிராமுக்கும் 5 கிராமுக்கும் இடையில் வந்தால் நல்ல கைவேலை. 6.26ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஈரமோ அழுக்கோ இருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

மாணவனாக இருந்தபோது நான் முதன்முதலில் தயாரித்த இந்தப் பளிங்குகளை அழகு பார்ப்பதற்காக யன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடுமுறை முடிந்து திரும்பியபோது பச்சையின் மேல் மஞ்சள் தூள் படர்ந்திருந்தது. ஒளி பட்டதும் ஒட்சலேற்றிலிருந்து ஓர் இலத்திரன் பெரிக்கு அயனுக்குத் தாவுகிறது. இரும்பு பெரசாகத் தாழ்த்தப்படுகிறது. இரண்டு சிக்கல் அயனுக்கு ஓர் ஒட்சலேற்று என்ற கணக்கில் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. மஞ்சளாகத் தெரிந்தது பெரசு ஒட்சலேற்று. ஒளியின் அளவுக்கு ஏற்றபடி பெரசு உண்டாவதால், இந்தச் சேர்வையின் கரைசலை ஒளியை அளக்கும் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். நமக்கு இதன் பாடம் எளியது: வடித்தது முதல் நிறுத்தது வரை எல்லாவற்றையும் யன்னலுக்குத் தள்ளியே செய்ய வேண்டும், கபிலக் கண்ணாடிப் போத்தலில் சேமிக்க வேண்டும்.

இனங்காணல்: பரமங்கனேற்றுச் சொல்வது

சாட்சியங்களில் மிக மலிவானதும் மிக உறுதியானதும் நியமிப்புத்தான். உலர்ந்த பளிங்கு 0.20 கிராமைத் துல்லியமாக நிறுத்து, 1 மூலர் சல்பூரிக்கமிலம் 50 மில்லிலீற்றரில் கரைத்து, 70 பாகைக்குச் சூடாக்கி, 0.02 மூலர் பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமிக்கவும். முதல் சில துளிகளின் நிறம் மறைய நேரம் எடுக்கும். மங்கனசு அயன் சிறிது உண்டானதும் அதுவே ஊக்கியாகித் தாக்கத்தை விரைவுபடுத்தும். ஆகவே தொடக்கத்தில் பொறுமை வேண்டும். கபிலக் கலங்கல் தோன்றினால் அமிலம் போதவில்லை அல்லது கை வேகம் கூடிவிட்டது. அந்த முயற்சியை எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஐதரோகுளோரிக்கமிலத்தை இங்கே பயன்படுத்தலாகாது. குளோரைட்டும் பரமங்கனேற்றைத் தின்றுவிடும். மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அது முடிவுப்புள்ளி.

இப்போது அதே கரைசலில் நாகத் (சிங்க்) தூளை இட்டுச் சூடாக்கினால் பெரிக்கு அனைத்தும் பெரசாகும். ஒரு துளியை எடுத்துத் தயோசயனேற்றோடு சேர்க்கும்போது சிவப்பு தோன்றாவிட்டால் தாழ்த்தல் முடிந்தது. மிகுந்த நாகத்தைக் கண்ணாடிப் பஞ்சினூடாக வடித்து, ஐதான அமிலத்தால் கழுவி, கழுவுநீரையும் சேர்த்துத் தாமதமின்றி மறுபடி நியமிக்கவும்.

பளிங்கு தூயதாயின் முதல் நியமிப்புக்கு 24.43 மில்லிலீற்றரும், இரண்டாவதுக்கு 4.07 மில்லிலீற்றரும் செல்லும். இவற்றின் விகிதம் 6:1. இந்த விகிதத்தின் அழகு என்னவென்றால், பளிங்கின் திணிவோ பரமங்கனேற்றின் செறிவோ சரியாகத் தெரியாவிட்டாலும் அது பிழைக்காது என்பதுதான். ஓர் ஒட்சலேற்று இரண்டு இலத்திரன்களை இழக்கிறது, மூன்றுக்கு ஆறு. ஒரு பெரசு ஒன்றை இழக்கிறது. ஆகவே 6:1 என்ற விகிதம் ஓர் இரும்புக்கு மூன்று ஒட்சலேற்று என்பதை நேராகச் சொல்கிறது. 4:1 வந்தால் இரண்டுதான். ஆறுக்கும் மேலே வந்தால் கட்டுறாத ஒட்சலேற்று, பெரும்பாலும் பொற்றாசியம் ஒட்சலேற்றோ ஒட்சாலிக்கமிலமோ, கலந்திருக்கிறது.

விகிதம் சொல்லாததும் உண்டு. கழுவாமல் விட்ட அமோனியம் சல்பேற்று விகிதத்தைத் தொடாது, நூற்றுவீதத்தையே குறைக்கும். ஆகவே திணிவுக் கணக்கையும் செய்துபார்க்க வேண்டும். தூய சேர்வையில் ஒட்சலேற்று 53.75 வீதம், இரும்பு 11.37 வீதம், பொற்றாசியம் 23.88 வீதம், நீர் 11.00 வீதம். சல்பேற்று இருக்கிறதென்று ஐயப்பட்டால் பேரியம் குளோரைட்டோடு ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பேரியம் ஒட்சலேற்று அமிலத்தில் கரைந்துவிட, பேரியம் சல்பேற்று மட்டும் வெள்ளையாக நிற்கும்.

பலரும் கவனியாத இன்னொன்று: வெயில் செய்த சேதத்தை முதல் நியமிப்பு காணாது. ஒளியால் ஓர் ஒட்சலேற்று அழிந்தபோது போன இரண்டு இலத்திரன்களும் இரண்டு பெரசு அயன்களில் தங்கியிருக்கின்றன. பரமங்கனேற்று அவற்றையும் எண்ணிவிடுகிறது. வளி புகுந்து பெரசை மறுபடி ஒட்சியேற்றினாலொழிய, அளவியில் வாசிப்பு மாறாது. ஒளிச் சேதத்தைக் காட்டுவது பெரிசயனைட்டின் நீலமே. எந்தச் சோதனையும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பளிங்கு நீருக்கு, தூளாக்கிய 1.00 கிராமை 110 பாகையில், திணிவு மேலும் மாறாத நிலை வரும் வரைக்கும் சூடாக்கினால் 0.11 கிராம் இழக்கும். வெப்பக் கட்டுப்பாடு ஒழுங்கில்லாத பழைய உலரடுப்பை நம்ப வேண்டாம். 230 பாகையளவில் சேர்வையே சிதைந்துவிடும்.

இரட்டை உப்பா, சிக்கலா?

மேற்சொன்ன எண்கள் அனைத்தும் சரியாக வந்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். மோரின் உப்பைப் போல, நீரில் கரைந்ததும் தன் அயன்களாக முழுதும் பிரிந்துவிடும் இரட்டை உப்பாக இது ஏன் இருக்கக் கூடாது? 1893ஆம் ஆண்டில் இரசாயனவியலாளர் வேணர் முன்வைத்த இணைப்புக் கொள்கையின் மையமே இந்தக் கேள்விதான். அவருக்கு 1913ஆம் ஆண்டின் நோபல் பரிசைத் தந்ததும் அந்தக் கொள்கையே. அவர் பயன்படுத்திய சாட்சியங்களுள் ஒன்றான கடத்துதிறனை நாமும் அளக்கலாம்.

பளிங்கு 0.491 கிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்து, அதில் 10 மில்லிலீற்றரை மறுபடி 100 மில்லிலீற்றராக்கினால் மில்லிமூலர்க் கரைசல் கிடைக்கும். இந்தச் செறிவில் ஒரு வசதி உண்டு: சென்ரிமீற்றருக்கு மைக்கிரோசீமன்சில் மானி காட்டும் எண்ணே மூலர்க் கடத்துதிறனின் எண்ணாகவும் அமையும். நீரில் இரண்டு அயன்களாகப் பிரியும் உப்பு ஏறத்தாழ 120 காட்டும். மூன்று அயன்களாகப் பிரிவது 250ஐ அண்டியும், நான்காகப் பிரிவது 400ஐ அண்டியும் காட்டும். நமது சேர்வை 400ஐ அண்டி வரவேண்டும்: மூன்று பொற்றாசியம், ஒரு பெரிய எதிரயன். மானியில் 25 பாகைக்கான வெப்பநிலைத் திருத்தம் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 33 பாகை அறையில் திருத்தமின்றி அளந்தால், பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம் என்ற கணக்கில் எண் பொய்யாக உயரும். கரைத்த உடனேயே, நிழலில் அளக்கவும்.

சோதனைக் குழாயில் இதே கேள்வியை இன்னும் மலிவாகக் கேட்கலாம். சிக்கலின் கரைசலில் தயோசயனேற்றை விட்டால் சுயாதீனப் பெரிக்கு அயனுக்குரிய இரத்தச் சிவப்பு தோன்றாது. சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்ததும் ஒட்சலேற்று புரோத்தன்களைப் பெற்றுக் கொடுக்கை விட, சிவப்பு எழும்.

கருவி வாய்த்தால்

மாதிரியைப் பல்கலைக்கழகமொன்றுக்கு அனுப்பிச் செந்நிறக்கீழ் நிறமாலை எடுக்க முடிந்தால், கூர்ந்து பார்க்க வேண்டியது காபொனைல் (காபன் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு) பகுதி. எளிய பொற்றாசியம் ஒட்சலேற்றில் சென்ரிமீற்றருக்கு 1600 என்ற அலையெண்ணை அண்டி நிற்கும் பட்டை, இங்கே 1710 முதல் 1650 வரை பிரிந்து மேலேறும். ஒட்சலேற்றின் நான்கு ஒட்சிசன்களில் இரண்டு இரும்பைப் பற்ற, எஞ்சிய இரண்டு இரட்டைப் பிணைப்புத் தன்மை கூடி நிற்பதே காரணம். 1390, 1270, 800 ஆகியவற்றின் அண்மையிலும் பட்டைகள் வரும். 530ஐ அண்டி வருவதில் இரும்பு ஒட்சிசன் பிணைப்பின் பங்கு உண்டு. காந்தத் திருப்புதிறன் 5.9 போர் மக்னெற்றன் அளவில் வந்தால் ஐந்து சோடியாகாத இலத்திரன்கள். ஒட்சலேற்றுப் புலம் வலிமை குறைந்தது என்பதற்கு அதுவே சான்று. மூன்று கொடுக்குகள் விசிறிபோல் அமைவதால் இடக்கை, வலக்கை என இரு வடிவங்களும் உண்டு. ஆனால் இரும்பு ஒட்சலேற்றில் அவை நீரில் விரைவாக ஒன்று மற்றதாக மாறிக்கொண்டிருப்பதால் பிரித்தெடுக்க முயல வேண்டாம்.

நிக்கலும் நிறமும்

நிறத்துக்கும் இணையிக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் காண நிக்கலே சிறந்தது. நான்கு சோதனைக் குழாய்களில் 0.1 மூலர் நிக்கல் சல்பேற்று 5 மில்லிலீற்றர் வீதம் எடுத்து, 1 மூலர் எதிலீன்டைஅமீனை முறையே 0, 0.5, 1.0, 1.5 மில்லிலீற்றர் சேர்க்கவும். பச்சை, இளநீலம், நீலம், ஊதா என வரிசையாக நிற்கும். முதற்குழாயின் நீர்ச்சிக்கல் 720, 395 நனோமீற்றர்களை அண்டி உறிஞ்சுகிறது. கடைசிக் குழாயின் சிக்கல் 890, 545, 345 நனோமீற்றர்களை அண்டி உறிஞ்சுகிறது. 720இல் இருந்த பட்டை 545க்கு நகர்ந்ததென்றால், உலோகத்தின் டி ஒபிற்றல்களை (இலத்திரன்கள் இருக்கும் இடங்களை) இரு மட்டங்களாகப் பிரிக்கும் சக்தி கூடியிருக்கிறது என்று பொருள். பச்சை ஒளி விழுங்கப்பட ஊதா எஞ்சுகிறது. எதிலீன்டைஅமீனின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்; யன்னல்களைத் திறந்துவைத்துக் கையுறையோடு செய்யவும். நிக்கல் உப்புகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

எத்தனை இணையிகள் இணைந்தன என்பதை நிறத்தாலேயே கணிக்க, 1928ஆம் ஆண்டில் யோப் தந்த தொடர்மாற்ற முறை உதவும். ஆனால் நிக்கலோடு இதைத் தொடங்க வேண்டாம். மூன்று இணையிகளும் படிப்படியாக ஏறுவதால் அலைநீளத்துக்கு அலைநீளம் உச்சி வேறிடத்தில் வந்து குழப்பும். பெரசு இரும்பும் பினாந்திரோலினும் சேரும் செஞ்சிவப்புச் சிக்கலே ஆரம்பத்துக்கு ஏற்றது. இரண்டையும் 0.0004 மூலரில் தயாரித்து, இரும்புக் கரைசலில் ஐதரொட்சிலமீன் ஐதரோகுளோரைட்டும் அசற்றேற்றுத் தாங்கலும் சேர்க்கவும். மொத்தக் கனவளவு 10 மில்லிலீற்றராக இருக்கும்படி 9:1, 8:2, 7:3 எனக் கலந்து, 510 நனோமீற்றரில் உறிஞ்சலை அளந்து, பினாந்திரோலினின் மூல் பின்னத்துக்கு எதிராக வரையவும். நிறமானியாயின் பச்சை வடிகட்டி போதும். இரு பக்கத்து நேர்கோடுகளும் 0.75இல் சந்திக்கும், அதாவது ஒன்றுக்கு மூன்று. அந்த உச்சியில் உறிஞ்சல் 1.1ஐ அண்டி இருக்கும், ஏனெனில் இச்சிக்கலின் மூலர் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 11,100. உச்சியைச் சுற்றி வளைவு மழுங்கியிருந்தால் கரைசலின் வயதையும் பீ.எச். அளவையும் முதலில் சந்தேகிக்கவும், பீ.எச். 3க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும்.

கழிவு

பெரும்பாலான பாடசாலைகளில் ஆய்வுகூடத் தொட்டியின் நீர் நிலத்துக்குள்ளேயே போகிறது. குடிக்கும் கிணறும் அதே வளவில் இருக்கிறது. ஒட்சலேற்றுக் கழிவுகளை நீறிய சுண்ணாம்போடு கலக்கிக் கல்சியம் ஒட்சலேற்றாக வீழ்த்தி, படிவை உலர்த்தித் தனியே வைக்கலாம். நிக்கல் கழிவில் இந்த வழி பலிக்காது. சாதாரண நிக்கல் உப்பு காரத்தில் ஐதரொட்சைட்டாக வீழும். எதிலீன்டைஅமீன் பற்றிய நிக்கல் அப்படி வீழாமல் கரைசலிலேயே நின்றுவிடும். கரைசல் தெளிவாக இருக்கிறதென்று ஊற்றிவிடாமல், மூடியுள்ள பிளாத்திக்குப் போத்தலில் சேர்த்து, நிக்கல் எதிலீன்டைஅமீன் என்ற பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டி, கழிவைப் பொறுப்பேற்கும் ஏற்பாடுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்வரை பூட்டிய அலுமாரியில் வைக்கவும்.